பச்சை மூடியில் ஒரு சிவப்புக் கோடு

என் கைப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழாய் எப்போதும் கிடக்கும். ஒரு முனையில் தலைமுடி அகலத்தில் பிளவு, மறுமுனையில் கண் வைக்க ஒரு துளை, நடுவில் ஒளியைப் பிரிக்கும் கண்ணாடிப் பட்டகம். எதை நோக்கிப் பிடித்தாலும் அதன் வெளிச்சத்தை நிறம் நிறமாக விரித்துக் காட்டும். பேருந்துக்குக் காத்திருக்கும்போது மற்றவர்கள் கைபேசியைப் பார்ப்பது போல நான் இதன் வழியாக ஊரைப் பார்ப்பேன். மேகம் மூடிய வானம்: முழு வானவில், குறுக்கே நூலிழைக் கருங்கோடுகள். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவின் புது வெள்ளை விளக்கு: நீலத்தில் ஒரு திட்டு, பிறகு வழுக்கிக்கொண்டு போகும் பச்சையும் சிவப்பும். ஜீவனஹள்ளிப் பக்கம் ஒரு சந்தில் மாற்ற மறந்துபோன பழைய மஞ்சள் விளக்கு: மஞ்சளில் தடித்த பட்டை, அதன் நடுவே ஒரு கருங்கீற்று. சர்ச் மெழுகுவர்த்தி: கோடு என்று எதுவுமே இல்லாத, தூக்கம் மாதிரியான வானவில். அடுப்பில் பருப்பு பொங்கி வழியும்போது: மஞ்சளில் ஒரே ஒரு கோடு, பளிச்சென்று. அடுத்த நொடி காணாமல் போய்விடும்.

அந்த ஒற்றைக் கோடு சோடியம், அதாவது பருப்பில் போட்ட உப்பு. ஒவ்வொரு உலோகத்துக்கும் சுடரில் அதற்கே உரிய இடத்தில்தான் கோடு விழும். இடம் மாறி விழுந்து ஒருநாளும் பார்த்ததில்லை. இதைத்தான் நான் பிழைப்பாகச் செய்கிறேன்.

நான் வேலை செய்யும் ஆய்வகம் பிரேசர் டவுனில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருக்கிறது. போர்வெல் தண்ணீர், தோட்ட மண், அக்வேரியம் வைத்திருப்பவர்களின் சந்தேகங்கள், எல்லாம் எங்களிடம் வரும். மெல்லிய குழாய் ஒன்று தண்ணீரை உறிஞ்சிப் புகையாகச் சிதறடித்து எரிவாயுச் சுடருக்குள் அனுப்பும். சுடரின் நிறத்தைக் கருவி எண்ணாக மாற்றிச் சொல்லும். அதற்குப் பெரிய பெயர் உண்டு. நாங்கள் ‘ஃபிளேம்’ என்றுதான் சொல்வோம். “ஃபிளேம் போட்டாச்சா?” “ஃபிளேம் இன்னும் சூடாகலை.” சோடியம் மஞ்சள், பொட்டாசியம் வெளிர் ஊதா, கால்சியம் செங்கல் நிறம். லித்தியம் சிவப்பு, ரோஜாவும் மாதுளையும் கலந்த சிவப்பு. ஆனால் தண்ணீரில் லித்தியம் யாரும் கேட்பதில்லை. அதனால் அந்தச் சிவப்பை நான் எப்போதாவதுதான் பார்ப்பேன்.

என்னுடன் வேலை செய்கிற தோழி அதே பேட்டையில் பிறந்தவள். வீட்டில் தக்னி உருது, என்னிடம் தமிழ், சைக்கிள் கடைக்காரரிடம் கன்னடம். நான் குப்பியின் வாயை விரலால் தொட்டுவிட்டால் போதும்.

“அரே, விரலை எடும்மா. போர்வெல்லை விட்டுட்டு உன் வேர்வையை அளக்குது பார் அது.”

உண்மைதான். தோலில், தூசியில், மூச்சில், எங்கும் உப்பு. எதையும் சுடரில் காட்டினால் முதலில் மஞ்சள்தான் வந்து நிற்கும், அழைக்காத விருந்தாளி மாதிரி. அதைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் பித்தளைக் குழாய். அதில் மஞ்சள் தன் இடத்தில் மட்டும் நிற்கும், மற்ற இடங்களை மறைக்காது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவும் அப்பாவும் ஓசூருக்கு மாறிப்போன பிறகு காக்ஸ் டவுன் வீட்டில் அக்காவும் நானும்தான். அக்கா ஒரு பேக்கரியில் கேக்குகளின் மேல் எழுதுகிறவள். கிரீம் நிரப்பிய கோனைப் பிடித்தால் தமிழ், கன்னடம், ஆங்கிலம், உருது நான்கிலும் எழுதுவாள். உருது அவளுக்குப் படிக்கத் தெரியாது, வரையத்தான் தெரியும். கன்னட எழுத்தின் தலைக்கட்டை அவள் சுழித்து முடிக்கும்போது வாடிக்கையாளர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. தூங்காமலே சிரித்தாள், பாடினாள், ஒரு வேலைக்கு நடுவில் பத்து வேலை ஆரம்பித்தாள். ஒருநாள் காலை, கல்யாண வீட்டுக்கு என்று செய்து வைத்திருந்த கேக் அத்தனையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், ஈஸ்ட் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். “எல்லாருக்கும் இன்னைக்குப் பிறந்தநாள்” என்றாள். கையெல்லாம் கிரீமுடன் அழைத்து வந்தோம். அதன்பின் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்போது டாக்டரம்மா கொடுத்த மாத்திரைதான் லித்தியம்.

மாத்திரை அவளை மெல்லத் தரையில் இறக்கி வைத்தது. தூங்கினாள், வேலைக்குத் திரும்பினாள். கூடவே விரல்களில் ஒரு சின்ன நடுக்கமும் வந்தது. தேநீர்க் கோப்பையில் தெரியாது, கிரீம் கோனில் தெரியும். எழுத்தின் வால் அலைந்தது.

“ஏன் மேடம், எழுத்துக்குக் குளிருதா?” என்று பேக்கரி முதலாளி ஒருநாள் கேட்டார். கிண்டலாகத்தான். அடுத்த வாரம் எழுத்து வேலை வேறொருவருக்குப் போனது. அக்காவுக்குப் பூவும் புள்ளியும். நடுக்கத்தை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. சொன்னால் வேறு மருந்து, வேறு கலக்கம் என்று பயம்.

லித்தியத்தின் அளவு ரத்தத்தில் கூடிப்போனால் ஆபத்து. அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. எப்போதும் வரவேண்டிய எல்லைக்குள்தான் வரும். இந்த வருடம் மே மாதத்தில், குல்மொஹர் பூ சாலையை மூடிக்கிடந்த ஒரு காலையில், நானும் அவளோடு ரத்தம் எடுக்கும் சென்டருக்குப் போனேன். சாயங்காலம் வந்த முடிவு, இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு.

டாக்டரம்மா உடனே ஃபோனில் வந்தார். “இன்னைக்கு மாத்திரை வேண்டாம். கிட்னி டெஸ்டும் சேர்த்து ரெண்டு நாள்ல ரிபீட் பண்ணுங்க. வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், எது வந்தாலும் யோசிக்காம எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடை: நேராக. பேச்சு: வழக்கம்போல என்னைத் திட்டுவதற்குப் போதுமான தெளிவு. வாந்தி: இல்லை. சாப்பாடு: இரண்டாம் முறை ரசம் கேட்டாள்.

“என்னடி, தெர்மாமீட்டர் மாதிரி பாக்குற?”

“ஒண்ணுமில்லக்கா.”

மாத்திரை நின்ற மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் வேலையிலிருந்து வந்தபோது அக்கா சமையலறையில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் கிரீமால் எழுதிக்கொண்டிருந்தாள். மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து தட்டில் விழுந்து கூரையில் ஒரு குளம் மாதிரி ஆடியது. எழுதினாள், வழித்தாள், மறுபடி எழுதினாள். எழுத்து ஆடவில்லை. கன்னடச் சுழிப்பு ஒரே மூச்சில் போய், தொட்டு, நின்றது.

“பாத்தியா டீ?” என்றாள். “என் கை திரும்ப வந்துடுச்சு.”

அவ்வளவு அழகாக இருந்தது அது. வழித்த கிரீமை விரலில் எடுத்து என் மூக்கில் வைத்தாள். இருவரும் சிரித்தோம். அதே நாள் விடியற்காலையில் அவள் எழுந்து அலமாரி முழுவதையும் காலி செய்து துடைத்து அடுக்கியிருந்தாள் என்பதையும் நான் கவனித்திருந்தேன். முந்தின நாள் திரைச்சீலைகள். பாட்டும் ஆரம்பித்திருந்தது.

இரண்டாம் முடிவு வந்தது. சிறுநீரகத்தில் குறையில்லை. ஆனால் லித்தியம் முதல் முறையைவிடவும் கூடுதல்.

“அப்படின்னா இந்த மருந்து இவங்களுக்கு ஒத்துக்கல” என்றார் டாக்டரம்மா ஃபோனில், குழம்பிய குரலில். “திங்கட்கிழமை வாங்க. அட்மிட் பண்ணிப் பாக்கணுமான்னு முடிவு பண்ணலாம். லித்தியத்தை நிறுத்திட்டு வேற யோசிக்கலாம்.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிப்பை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளாக நிறுத்தவில்லை, எண் நிறுத்தியது. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. எழுத்தும் கையும் திரும்பக் கிடைத்துவிட்டன.

எனக்கு ஒரு எண் சரியில்லை என்று பட்டால் வரிசை போட்டுப் பார்ப்பது பழக்கம். மாத்திரை நிறுத்தியாகிவிட்டது. சிறுநீரகம் வேலை செய்கிறது. உடம்பில் விஷம் ஏறிய ஓர் அடையாளமும் இல்லை, இருந்த நடுக்கமும் போய்விட்டது. ஆனால் ரத்தத்தில் லித்தியம் ஏறுகிறது. விழுங்காத உலோகம் எங்கிருந்து வரும்? எங்கள் ஆய்வகத்தில் இப்படி நடந்தால் நாங்கள் தண்ணீரைச் சந்தேகிப்பதற்கு முன் குப்பியைச் சந்தேகிப்போம். அப்போதுதான் ரத்தம் எடுத்த குழாயின் மூடி நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் சிவப்பு மூடி. இந்த முறை பச்சை.

மறுநாள் காலை தனியாக அந்த சென்டருக்குப் போனேன். ரத்தம் எடுக்கிற பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“ஸ்வல்ப இருங்க மேடம், இவரை முடிச்சுட்டு வர்றேன்.” ஊசிக்குப் பயந்து கண்ணை மூடியிருந்த ஒரு பெரியவரை முடித்துவிட்டு வந்தாள்.

“முன்னாடி சிவப்பு மூடி ட்யூப்தானே போடுவீங்க?”

“ஆமா மேடம், இப்போ கெமிஸ்ட்ரி எல்லாத்துக்கும் பச்சைதான். ரத்தம் உறையற வரைக்கும் உக்காந்திருக்கத் தேவையில்ல. ரிப்போர்ட் சீக்கிரம் வரும். சீக்கிரம் வந்துச்சுல்ல உங்களுக்கு?”

“வந்துச்சு. இதுல ஓரமா எல், ஹெச்னு போட்டிருக்கே, என்னது?”

அவள் குழாயைத் திருப்பிப் பார்த்தாள். “கம்பெனி பேரு மேடம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அது கம்பெனிப் பெயர் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க அந்தக் குழாயின் உட்சுவரில் ஓர் உப்பைப் பூசியிருப்பார்கள். அதன் பெயர் லித்தியம் ஹெப்பாரின். மற்ற எந்தப் பரிசோதனைக்கும் அதனால் பாதகமில்லை. லித்தியத்தை அளக்கப்போகிற ரத்தத்தை மட்டும் அதில் எடுக்கக் கூடாது. குழாயில் ரத்தம் குறைவாக நிரம்பினால் எண் இன்னும் ஏறும். ஓரெழுத்து ஈரெழுத்தை வைத்து நான் முடிவு கட்ட விரும்பவில்லை. பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, காலிக் குழாய்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆய்வகத்தில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டோம். கீழே சைக்கிள் மணிகளைச் சோதித்துப் பார்க்கும் சத்தம், எங்கோ தண்ணீருக்கு அடியில் இருந்து வருவது போல. முதலில் பிளாட்டினக் கம்பியை அமிலத்தில் நனைத்துச் சுட்டுச் சுத்தமாக்கினேன். வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர்: நீலச் சுடர், மஞ்சளில் ஒரு மங்கல் கோடு, வேறொன்றுமில்லை. சிவப்பு மூடிக் குழாயில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கிய கழுவல்: அதே மஞ்சள், சற்றுத் தெளிவாக.

பிறகு பச்சை மூடியின் கழுவல்.

வெறும் கண்ணுக்கு மஞ்சளின் ஓரத்தில் ஒரு வெட்கம் போலச் சிவந்தது, அவ்வளவுதான். பித்தளைக் குழாயில் கண்ணை வைத்தேன். இருட்டு. இருட்டின் நடுவில் மஞ்சள் கோடு. அதற்கு வெகு தூரம் தள்ளி, தெரு கடைசியில் ஒற்றையாக எரியும் விளக்கு மாதிரி, ஒரு சிவப்புக் கோடு. அசையாமல் நின்றது. கம்பி காய்ந்ததும் மெல்ல மங்கி, எனக்குள் மட்டும் இன்னும் சற்று நேரம் இருந்தது. மறுபடி தொட்டேன், மறுபடி வந்தது. எத்தனை முறை தொட்டேன் என்று தெரியவில்லை. அந்த அறையில் காலம் கொஞ்சம் நின்றுவிட்டது.

“என்கிட்டயும் குடும்மா” என்று தோழி பிடுங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “க்யா ரே இது. ட்யூப்பே மாத்திரை போட்டிருக்கு.”

நான் சிரிக்கவில்லை. அக்காவின் தட்டில் கிரீம் எழுத்து நின்ற அழகு என் கண்முன் இருந்தது.

“சொல்லித்தான் ஆகணுமா?” என்று கேட்டேன், பாதி எனக்குள்ளேயே.

“நீ சொல்லலன்னா அவங்க மறுபடி ஸ்டேஷனுக்குப் போவாங்க. இந்த முறை பிளாட்பாரத்தோட நிப்பாங்களான்னு யாருக்குத் தெரியும்?”

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே சொன்னேன். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள், எங்கள் வீட்டில் யாருக்கும் தேவையில்லாத அளவு நிறைய. குழாய், பூச்சு, கோடு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் விரல்கள் நின்றன.

“நீ ஏன்டி இதையெல்லாம் போய்ப் பாக்குற?”

“எண் தப்பா இருந்துச்சுக்கா.”

“எனக்கு அது சரியாத்தான் இருந்துச்சு.”

பூவை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன்பின் பாட்டு இல்லை. ஆனால் மறுநாள், சனிக்கிழமை மதியம், நான் எதிர்பார்க்காதபோது சைக்கிள் கடைப் படியேறி வந்து நின்றாள்.

“காட்டு” என்றாள்.

தோழி தேநீர் ஊற்றிக் கொடுத்து, கறுப்புத் துணியை இழுத்துவிட்டாள். அக்காவை முக்காலியில் உட்காரவைத்துப் பித்தளைக் குழாயைக் கொடுத்தேன். சிவப்பு மூடி, பிறகு பச்சை மூடி. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்தாள்.

“இதையும் போடு.”

மாத்திரையைப் பொடித்து, அமிலத்தில் நனைத்த கம்பியில் தொட்டுச் சுடரில் பிடித்தேன். சுடர் முழுவதும் சிவந்தது. கோடாக அல்ல, ஒரு பூ மலர்கிற மாதிரி அடியிலிருந்து நுனிவரை. எங்கள் மூவரின் முகத்திலும் அந்த நிறம். குழாயின் வழியே பார்த்த அக்கா சொன்னாள்: “அதே இடம்.”

“ஆமாக்கா. அதே இடம்தான்.”

“இவ்வளவு நாளா இதைத்தான் முழுங்கிட்டிருந்தேனா.” சற்றுப் பொறுத்து, “அழகாத்தான் இருக்கு, பாவி” என்றாள்.

“அக்கா, பாவின்னு சொல்லாதீங்க, அது கோச்சுக்கிட்டு அணைஞ்சிடப்போகுது” என்றாள் தோழி. அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அந்த வாரத்துச் சிரிப்புகளைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. எனக்கு அதுதான் பழக்கமான சிரிப்பு.

திங்கட்கிழமை டாக்டரம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஆஸ்பத்திரியிலேயே, ஒரே ஊசியில், பச்சை மூடியில் கொஞ்சமும் சிவப்பு மூடியில் கொஞ்சமும் ரத்தம் எடுக்கச் சொன்னார். மதியத்துக்குள் முடிவு வந்தது. ஒரே கை, ஒரே நிமிடம்: பச்சையில் ஆபத்தான அளவு, சிவப்பில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “சென்டருக்கு நான் பேசுறேன். வேற யாருக்கெல்லாம் இப்படி வந்திருக்குமோ.” பிறகு அக்காவிடம்: “பழைய டோஸ் சரியாத்தான் இருந்திருக்கு. இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்.”

நான் அவள் சார்பில் பேச வாயெடுத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“டாக்டர், என் எழுத்து ஆடுது.”

“எழுத்தா?”

அக்கா டாக்டரின் மேஜையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு தாளின் பின்பக்கத்தில் ஒரு கன்னடச் சுழிப்பை வரைந்தாள். “இது இன்னைக்கு. மாத்திரை போட்டா இது இப்படி வராது. கேக் மேல எழுதுறதுதான் என் வேலை. இதை நான் யார்கிட்டயும் சொல்லல.”

டாக்டரம்மா அந்தச் சுழிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்மா” என்றார், கோபமில்லாமல். அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்றார். நடுக்கத்துக்கென்று தனியாக ஒரு மாத்திரை இருக்கிறது, எழுதுகிற நாளில் காலையில் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். முழுக்கப் போய்விடும் என்று சத்தியம் செய்ய முடியாது, பெரும்பாலும் அடங்கும். ரத்தம் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். “சிவப்பு மூடியில” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

வெளியே வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. மருந்துக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றோம். தண்ணீர்த் திரைக்கு அப்பால் ஸ்கூட்டர்களும் பேருந்துகளும் நிறம் கரைந்து போய்க்கொண்டிருந்தன.

“நீ அந்த ட்யூபைப் பாக்காம இருந்திருந்தா” என்றாள் அக்கா, “நான் ரொம்ப நல்லா எழுதியிருப்பேன்.”

“தெரியும்க்கா.”

“எத்தனை நாளைக்குன்னுதான் தெரியாது.” கையை நீட்டினாள். “தண்ணி வெச்சிருக்கியா?”

பாட்டிலைக் கொடுத்தேன். அவள் அங்கேயே, அந்தத் தெருவில், தலையை அண்ணாந்து லித்தியம் மாத்திரையை விழுங்கினாள். கொஞ்சம் தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்தது. துடைத்துக்கொண்டு, இரண்டு மணிக்கு பேக்கரியில் இருக்க வேண்டும், ஒரு ஆட்டோ பிடி என்றாள்.